ஏழாம் பக்கம் பார்க்க

ஏழா, ஆறா என்ற சந்தேகம் பவுலினுக்கு வந்தபோது துவாக்குடி பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டை விட்டு மூக்கை வெளியே நீட்டியிருந்தது. இரண்டு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் இறங்கி ஓடிப்போய்க் கடையில் ஒரு பேப்பர் வாங்கிப் பார்த்திருக்கலாம். சந்தேகம் அப்படியெல்லாம் ஒத்தாசையாக வருவதில்லை. ஜன்னலோர சீட் கிடைத்து, பையை மடியில் வைத்து, மழை விட்ட காற்று முகத்தில் பட்ட பிறகுதான் வருகிறது. கடைக் கம்பியில் தொங்கிய போஸ்டரில் ‘வந்தாச்சு’ என்று ஒரே ஒரு சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. என்ன வந்தது என்று போஸ்டர் சொல்லாது, அதற்கு ஐந்து ரூபாய் கொடுத்துப் பேப்பர் வாங்க வேண்டும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவளும் பவுலின்தான். ஏறும்போது அதைப் பார்த்துக்கொண்டேதான் ஏறினாள், பெண் பார்க்க வந்தவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன வீட்டுக்காரர்களைப் போல உள்ளே ஒரு மினுக்கம். ‘சாயங்காலம்’ என்பது பேப்பரின் பேர். பேர்தான் சாயங்காலம், மத்தியானம் இரண்டு மணிக்கே கடைக்கு வந்துவிடும், அதைப் பற்றித் திருச்சியில் யாரும் கேள்வி கேட்டதில்லை. அங்கே மூன்று வருஷமாக வரி விளம்பரப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தவளை, வீடு வாடகைக்கு, சைவம் மட்டும், பழைய தையல் மிஷின் விற்பனைக்கு என்று எறும்பு எழுத்துகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவளை, ஆசிரியர் தணிகாசலம் கூப்பிட்டு, “பத்து நாள் முதல் பக்கம் போடு பவுலினு. புகார்னு வாசகர்கிட்டேருந்து ஒரு போன் வந்துச்சுன்னா பேச்சே கிடையாது, பழைய இடம்தான்,” என்றார். ஒன்பது நாள் ஓடிவிட்டது. இன்று பத்தாவது நாள். மணி இரண்டு இருபது. ஆறு மணியைத் தாண்டிவிட்டால் முதல் பக்கம் அவளுடையது. ஏழா, ஆறா. ஆபீசில் ஆளுக்கொரு இலவசப் பிரதி கொடுப்பார்கள், அது மேஜை மேல் கிடக்கிறது, டீ டம்ளருக்கு அடியில். அவளுடைய சொந்த போன் காலையிலேயே சார்ஜ் தீர்ந்து செத்துவிட்டது. பையில் இருக்கிற இன்னொரு போன் பேச மட்டும் தெரிந்த பட்டன் போன், அதில் பேப்பர் பார்க்க முடியாது.

பயமெல்லாம் அந்தப் பட்டன் போனால்தான். மற்ற பேப்பர்களில் தலைப்புப் பட்டையின் இரண்டு பக்கமும் இருக்கிற சின்னக் கட்டங்களை, காது என்று சொல்வார்கள், நகைக்கடைக்கோ வேட்டிக் கம்பெனிக்கோ கொடுத்துவிடுவார்கள். தணிகாசலம் வலது காதை மட்டும் விளம்பரத்துக்குக் கொடுத்தார். இடது காதில் ஒரு நம்பர்: ‘வாசகர் பேச’. காது எதுக்குய்யா இருக்கு, கேக்கத்தானே என்பார். முதல் பக்கம் போட்டவர்தான் அந்த போனை ஆறு மணி வரை கையில் வைத்திருக்க வேண்டும், வீட்டுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும். கூடவே ஒரு நீள நோட்டு. யார் கூப்பிட்டார்கள், எந்த ஊர், புகாரா, விசாரணையா, என்ன பதில் சொன்னோம், எல்லாம் எழுதி மறுநாள் காலை அவர் மேஜையில் வைக்க வேண்டும். இந்த ஒன்பது நாளில் பதினாலு போன் வந்திருந்தது. ஒருவர் நாளைக்கு மழை வருமா என்று கேட்டார். ஒரு பாட்டுக் கச்சேரிக்காரர் தன் படம் எப்போது வரும் என்று கேட்டார். ஒரு பையன் ஒரு நடிகையின் வீட்டு விலாசம் கேட்டான். பதினாலும் விசாரணை. பதினாலையும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள். பதினைந்தாவது எப்படி வரும் என்று யாருக்குத் தெரியும். வராமலும் போகலாம். வராது. ஏன் வரப்போகிறது. ஏழு என்று போட்டிருந்தால் வரும். ஆறு என்று மாற்றியிருந்தால் வராது. மாற்றினேனா. காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நினைப்பதைப் போல, நினைக்க நினைக்க அணைத்த கையும் அணைக்காத கையும் ஒரே மாதிரி தெரிந்தது.

மறுபடி முதலிலிருந்து போய்ப் பார்ப்போம் என்று கண்ணை மூடினாள். காலை பத்து மணிக்கே தலைப்புச் செய்தி முடிவாகிவிட்டது, முக்கொம்பு அணைக்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது. நிருபர் கரையில் நின்று எழுதி அனுப்பியிருந்தார், நன்றாகவே எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் மடிப்புக்கு மேலே தண்ணீர்ப் படம், அதன் கீழே செய்தி, மடிப்பைத் தாண்டி இரண்டு விரல்கடை இறங்கியதும் இடம் தீர்ந்தது, மிச்சத்தை உள்ளே தள்ள வேண்டியதுதான். எங்கே வெட்டுவது. அதற்குத்தான் கிட்டு இருக்கிறாரே. கிட்டு என்று ஆபீசில் யாரும் வேலை பார்க்கவில்லை. பக்கம் போடுகிற அறையில் ஒரு காலி நாற்காலி இருக்கிறது, அதில் யாரும் உட்காரக் கூடாது, அதுதான் வாசகர் கிட்டுவின் நாற்காலி. கிட்டுவுக்கு நாற்பத்தைந்து வயது, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார், சட்டைப் பையில் ஐந்து ரூபாய் இருக்கிறது, பொறுமை இல்லை. தணிகாசலம் ஒவ்வொரு தலைப்பையும் அந்த நாற்காலியைப் பார்த்து உரக்கப் படிப்பார், “என்ன கிட்டு, புரியுதா?” என்பார், காதை அந்தப் பக்கம் சாய்ப்பார், பிறகு அவரே, “கிட்டுவுக்குப் புரியல, மாத்து,” என்பார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதம் போனால் அவர்களும் கிட்டுவின் மேல் இடிக்காமல் சுற்றிப் போவார்கள். கிட்டு எச்சில் முழுங்குகிற இடத்தில் வெட்டணும், அப்பத்தான் உள்பக்கம் புரட்டுவார் என்பது ஆசிரியர் கட்டளை. பவுலின் வெட்டினாள். ‘கரையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு,’ என்று காற்புள்ளியோடு நிறுத்தி, அதன் கீழே தடித்த எழுத்தில் ‘7-ம் பக்கம் பார்க்க’. கிட்டு நிச்சயமாக எச்சில் முழுங்குவார் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். அது வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு பத்துக்கு விளம்பரப் பிரிவிலிருந்து ஓடி வந்தார்கள், முதலாமாண்டு நினைவஞ்சலி, கால் பக்கம், ஏழாம் பக்கத்தில்தான் வேண்டுமாம், பெரிய மீசையோடு ஒருவர் படம். தொடர்ச்சியைத் தூக்கி ஆறாம் பக்கத்தில் வைத்தாள், அங்கே இருந்த சினிமாத் துணுக்கைக் கடாசினாள், வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு முதல் பக்கத்தைத் திறந்தாள். மவுஸை நகர்த்தி அந்த ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்போது ஆசிரியர், “ஏழுல ஒரு ஓட்டை தெரியுது பாரு,” என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு நினைவில் படம் அறுந்துவிடுகிறது.

ஓட்டை என்றால் மீசைக்காரருக்குக் கீழே மிஞ்சிப்போன இடம், இரண்டு பத்தி அகலம், ஏழு சென்டிமீட்டர் உயரம். இப்படி மிஞ்சுகிற இடத்துக்குப் பொதி வைப்பதற்காக ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு, எறும்பின் பலம் என்று எப்போதும் ஒரு மூட்டை வைத்திருப்பார்கள். இன்று மூட்டை காலி. பக்கம் அச்சுக்குப் போக நான்கு நிமிஷம் இருந்தது. காலையில் பஸ்ஸில் வரும்போது பார்த்ததைப் பவுலின் தானே எழுதினாள், பேர் போடவில்லை, துணுக்குக்கு யார் பேர் போடுவார்கள். ‘இன்று காலை பாலக்கரை சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தபோது ஒரு சிவப்புப் பட்டம் நூல் அறுந்து வந்து விளக்குக் கம்பத்தின் மேல் அரை நிமிஷம் நின்றது. பஸ்ஸில் இருந்தவர்களும் ஸ்கூட்டரில் இருந்தவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். பச்சை விழுந்தும் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நீங்களும் பார்த்தீர்களா?’ அவ்வளவுதான். கடைசி வரியை எழுதும்போது கை தயங்கியது. பேப்பர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு மாதிரி வாசகரைக் கூப்பிடுகிறது. தலையங்கத்தில் வாசகப் பெருமக்களே, ராசிபலனில் உங்களுக்கு இன்று, சினிமாவில் ரசிகர்களே, விளம்பரத்தில் வாங்க வாங்க, தலைப்புச் செய்தி மட்டும் யாரையும் பார்க்காமல் முகத்தை நேராக வைத்துக்கொண்டு பேசும். வரி விளம்பரம் கூட, தேவைப்படுவோர் அணுகவும் என்று சுவரைப் பார்த்துத்தான் சொல்லும். மூன்று வருஷத்தில் பவுலின் யாரையும் நேராகப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்களும் பார்த்தீர்களா. கேட்டுவிட்டாள். கிட்டுவைப் பார்த்துக் கேட்கவில்லை, கிட்டு பட்டம் பார்க்கிற ஆள் கிடையாது. பின்னே யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் ஏழைத் திருத்த மறந்தேனா, திருத்திவிட்டுத்தான் சந்தோஷப்பட்டேனா.

மெயின்கார்டுகேட்டில் பஸ் நின்றது. ஏறியவர்களில் ஒரு அம்மாள், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கத்தரிப்பூப் புடவை, தோளில் வாழை இலைக் கட்டு வைத்த சாக்குப் பை, கையில் மடித்த பேப்பர். ‘சாயங்காலம்’. பவுலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முன் சீட்டில் மழைச் சாரல் அடித்துத் தண்ணீர் நின்றதால்தான் இது வரை யாரும் அதில் உட்காரவில்லை. அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, பேப்பரை விரித்து உள் தாளை உருவி சீட்டின் மேல் பரப்பி அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். உள் தாள் என்றால் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எட்டுப் பக்கப் பேப்பரில் வெளித் தாளில் ஒன்றும் இரண்டும் ஏழும் எட்டும் இருக்கும், நடுத் தாளில் மிச்சம். மூன்றாம் பக்கம் போடுகிற ரஷீதும் ஐந்தாம் பக்கம் போடுகிற கனகசபையும் இதைப் பார்க்க வேண்டும் என்று பவுலினுக்குக் குறும்பாகத் தோன்றியது, ஐந்தாம் பக்கத்துக்கு அலங்காரம் செய்வதற்கே கனகசபை ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். பிறகுதான் உறைத்தது, ஆறும் அதில் போய்விட்டது. செருப்பைக் கழற்றிய பெரியவரும் அதில்தான் இருக்கிறார். இது நல்லதா கெட்டதா. தொடர்ச்சி இல்லாவிட்டால் தேட மாட்டாள், தேடாவிட்டால் தவறு தெரியாது, ஆனால் முதல் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதுதானே கேள்வி. பவுலின் கழுத்தை நீட்டினாள். அந்த அம்மாள் இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து, புடவை முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டு, பேப்பரைக் கீழ்ப் பாதி மறையும்படி மடித்து வைத்துக்கொண்டாள். ஏழும் ஆறும் மடிப்புக்குக் கீழே.

வாசகரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் பவுலினுக்குப் புரிந்தது. மூன்று வருஷமாகப் பேப்பர் போடுகிறாள், பஸ்ஸில் எத்தனையோ பேர் கையில் பார்த்திருக்கிறாள், ஆனால் அவள் போட்ட பக்கத்தை ஒருவர் படிக்க அவள் பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் கிட்டுவுக்கு மீசை வைத்தோம், சட்டைப் பை வைத்தோம், அவர் கத்தரிப்பூப் புடவை கட்டியிருப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லையே. அந்த அம்மாளின் விரல் முதலில் தலைப்பில் ஓடவில்லை. வலது காதில் இருந்த வேட்டி விளம்பரத்தைப் படித்தாள். பிறகு தேதி. பிறகு படம், தண்ணீரை வெகுநேரம் பார்த்தாள், பாலத்தின் எத்தனையாவது கண் வரை தண்ணீர் இருக்கிறது என்று எண்ணுகிறாள் போலிருந்தது. மரக்கடை தாண்டியது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளோடு ஒரு கூட்டம் ஏறி பஸ் முழுக்க வாசனை. பவுலினின் கண் அந்த விரலை விடவில்லை. செய்தியின் முதல் பத்தி. இரண்டாம் பத்தி. மூன்றாம் பத்தியின் உச்சியில் ஒரே ஒரு சொல் தனியாக விழுந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது, அதை ஆங்கிலத்தில் விடோ, அதாவது விதவை, என்பார்கள், பக்கம் போடுகிறவர்களுக்கு அது அசிங்கம், எப்படியாவது ஒழித்துக்கட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வாரம் கனகசபை அதைச் சொல்லிக்கொடுத்தபோது பவுலினுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் அம்மா இருபத்தேழு வயதில் விதவையாகி, பால்பண்ணைப் பக்கம் தையல் கடை வைத்து, இரண்டு பேரைப் படிக்கவைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளே தைத்த ரவிக்கையில் போய் முன் வரிசையில் நிற்கிறவள், எந்தப் பத்தியிலும் அவள் தொங்கிக்கொண்டு நின்றதாக பவுலினுக்கு ஞாபகமில்லை. அன்றிலிருந்து தனியாக விழுகிற சொல்லை அவள் ஒழிப்பதில்லை. நிற்கட்டும். இன்று நின்ற சொல் ‘தண்ணீர்’. அந்த அம்மாளின் விரல் அதில் கொஞ்சம் நின்றுதான் போனது.

பால்பண்ணை ரவுண்டானாவில் அம்மாள் பேப்பரைத் திருப்பினாள். கீழ்ப் பாதி மேலே வந்தது. பவுலின் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். 7-ம் பக்கம் பார்க்க. தடித்த எழுத்தில், அழகாக, நடுவில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஏழு. திருத்தவில்லை. பத்தாவது நாளில், அத்தனை பிரதியிலும். வீடு வாடகைக்கு, சைவம் மட்டும். படிக்காதே, தாயே, இதோடு நிறுத்திக்கொள், யாருமே தொடர்ச்சி படிப்பதில்லை என்று கனகசபை சொல்வார், நூற்றில் எண்பது பேர் முதல் பக்கத்தோடு சரி, நீயும் எண்பதில் ஒருத்தியாக இரு. அம்மாள் ‘கழற்றிவிட்டு’ என்ற இடத்துக்கு வந்தாள். நிஜமாகவே எச்சில் முழுங்கினாள், கழுத்துச் சங்கிலி அசைந்தது. பேப்பரைப் புரட்டினாள். ஏழாம் பக்கம். மீசைக்காரர். விரல் மீசைக்காரரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது, கீழே இறங்கியது, இரண்டு பத்தி ஏழு சென்டிமீட்டரில் போய் நின்றது. உதடு மெல்ல அசைந்தது. எழுத்து எழுத்தாகப் படிக்கிறாள், சிவப்பு விளக்கு, பட்டம், அண்ணாந்து. பவுலினுக்கு ஒரே நேரத்தில் இறங்கி ஓடிவிடலாம் போலவும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. கடைசி வரி வந்தது. அந்த அம்மாள் பேப்பரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

“ம், பாத்தேன்,” என்றாள்.

யாரிடம் சொன்னாள். பக்கத்தில் நின்ற வெங்காயக்காரி திரும்பிப் பார்த்தாள், தன்னிடம் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். பவுலினுக்குக் கண் எரிந்தது, வெங்காயமாகவும் இருக்கலாம். கேட்டால் பதில் வருமா. ஆபீசில் ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியைப் பார்த்து, புரியுதா, புரியுதா என்று கேட்கிறார்கள், அது ஒரு தடவை கூட ம் என்றதில்லை. இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது அந்தக் குரலை. அந்த ஆசை முடிவதற்குள் அம்மாள் மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பி ‘பார்க்க’ என்ற சொல்லை விரலால் தட்டினாள், மறுபடி ஏழுக்குப் போனாள், பின்னால் எட்டையும் பார்த்தாள், மறுபடி முதல் பக்கம். பிறகு பேப்பரின் தலைப்பட்டைக்கு வந்து, இடது காதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, ஜாக்கெட்டிலிருந்து சின்னப் பர்சையும் அதிலிருந்து போனையும் எடுத்தாள். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். பவுலின் பையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள், கத்துகிற கோழியை அமுக்குவது போல. அமுக்கியும் கத்தியது. அரியமங்கலம் நிறுத்தத்தில் பஸ் இன்ஜின் அடங்கி நின்றதால் எல்லோருக்கும் கேட்டது. எடுக்காமல் விடலாம். விட்டால், எடுக்கவில்லை என்று அதுவே தனிப் புகார். எடுத்தாள்.

“வணக்கம், சாயங்காலம்,” என்றாள், முடிந்த வரை தாழ்வாக.

“கொஞ்சம் சத்தமா பேசும்மா, பஸ்ஸுல இருக்கேன்.”

“நானும் பஸ்ஸுலதாங்க இருக்கேன்.” அந்த அம்மாளின் குரல் இரண்டு தடவை வந்தது, முதலில் முன் சீட்டிலிருந்து, ஒரு மூச்சு கழித்து காதுக்குள்.

“அப்படியா, சரி சரி. எம்பேரு தனபாக்கியம். திருவெறும்பூர்ல இட்லிக் கடை வச்சிருக்கேன். ரெண்டு விசயம். ஒண்ணு, பட்டம் பாத்தீங்களான்னு கேட்டிருந்தீங்க. பாத்தேன். காலைல பதினொண்ணாம் நம்பர் பஸ்ஸுல இருந்தேன். வால் இல்லாத பட்டம். அதைப் போடல நீங்க.”

“வால் இல்லைங்களா?”

“இல்லம்மா. இருந்தா நிக்குமா? ரெண்டாவது, முக்கொம்புல ஒரு பெரியவரு செருப்பைக் கழட்டுனாரு. ஏழாம் பக்கம் பாருன்னீங்க. போனேன். அங்க வேற யாரோ மீசையோட இருக்காரு, பாவம். பெரியவரைக் காணோம். என்ன ஆனாரு அவரு? தண்ணிக்குள்ள இறங்கிட்டாரா?”

“ஒண்ணும் ஆகலைங்க. ஆறாம் பக்கத்துல இருக்காருங்க.”

“ஆறு எங்கிட்ட இல்லயே.”

“தெரியுங்க. அது மேலதான் உக்காந்திருக்கீங்க.”

தனபாக்கியம் முதலில் தன் மடியைப் பார்த்தாள், பிறகு மேலே பஸ்ஸின் கூரையைப் பார்த்தாள், அங்கே கேமரா இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல, பிறகு மெல்லத் திரும்பினாள். இரண்டு பேரும் காதில் போனோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நீதானா அது,” என்றாள் தனபாக்கியம், அப்போதும் போனுக்குள்ளேயே. பிறகு அவளுக்கு வந்த சிரிப்பில் கண்ணாடி மூக்குக்கு இறங்கிவிட்டது, வெங்காயக்காரிக்கு விஷயம் தெரியாமலே சிரிப்பு வந்தது, கண்டக்டர் என்னவென்று கேட்டார். இலைப் பையை வெங்காயக்காரியிடம் கொடுத்துவிட்டு, தனபாக்கியம் எழுந்து உள் தாளை உரித்து எடுத்தாள். ஓரமெல்லாம் நனைந்து, ஐந்தாம் பக்கத்து அலங்காரம் ஆறில் தெரிந்தது. பவுலின் முன்னால் குனிந்து, வலது பக்கம், மடிப்புக்குக் கீழே என்று காட்டினாள். தனபாக்கியம் உரக்கப் படித்தாள், பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்டுப் படிக்கச் சொன்னால் படிப்பது போல. “செருப்பைக் கழற்றிவிட்டு, அதை ஜோடியாகக் கரையில் வைத்தார். பிறகு கையைக் கூப்பி, ‘வாங்க, வாங்க. போன வருசம் ஏன் வரல? எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க,’ என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.” கண்டக்டர், “சரியாத்தான் கேட்டிருக்காரு,” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

“இதைப் போயி ஏம்மா ஆறுல வச்சீங்க? முதப் பக்கத்துல இதுதான இருக்கணும்,” என்றாள் தனபாக்கியம். கிட்டுவைப் புரட்டவைப்பதற்காக என்று எப்படிச் சொல்வது. பவுலின் நோட்டை எடுத்து மடியில் விரித்தாள். தேதி, நேரம், பேர், எல்லாம் எழுதியாகிவிட்டது, அடுத்த கட்டம்தான், புகார், விசாரணை, இரண்டில் ஒன்று. “அம்மா, இது புகாருங்களா?” என்று கேட்டாள். “சேச்சே, சும்மா கேட்டேன்,” என்றாள் தனபாக்கியம். சும்மா கேட்டேன் என்றால் விசாரணை. அவளே சொல்லிவிட்டாள். பதினாலோடு பதினைந்து, ஆறு மணி ஆனால் முதல் பக்கம், பொய்யும் இல்லை. பேனா விசாரணையின் தலையில் போய் நின்றது, மவுஸ் ஏழின் பக்கத்தில் நின்றது போலவே. அங்கேயே நின்றது. பார்க்க என்று சொன்னோம், இந்த அம்மாள் சொன்ன சொல்லைக் கேட்டுப் போய்ப் பார்த்தாள், அங்கே மீசைக்காரர்தான் இருந்தார். பார்த்தீர்களா என்று கேட்டோம், கேட்டதற்கு மரியாதை கொடுத்துக் காசு செலவழித்துப் போன் போட்டுப் பார்த்தேன் என்றாள். இப்படிப்பட்டவளைச் சும்மா கேட்டவள் என்று எழுதுவதா. பவுலினுக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. புகார் என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். தொடர்ச்சி ஏழில் இல்லை, ஆறில் இருந்தது, உண்மை, தவறு என்னுடையது என்று எழுதினாள். துணுக்கிலும் ஒரு விவரம் விட்டுப்போயிற்று, பட்டத்துக்கு வால் இல்லை. வாசகரின் ஊர் என்ற இடத்தில் திருவெறும்பூர் என்று எழுதி, அடைப்புக்குள் எனக்கு முன் சீட் என்று சேர்த்தாள்.

“என்ன எழுதுறே, காமி,” என்று தனபாக்கியம் நோட்டை வாங்கிப் படித்தாள். “புகாருன்னு போட்டுட்டியே. போட்டா உனக்கு ஒண்ணும் ஆகாதா?” வரி விளம்பரத்துக்குப் போக வேண்டும் என்று பவுலின் சொன்னாள். அப்படிச் சொல்லும்போதே பயந்த அளவுக்கு அது பயமாக இல்லை என்று தெரிந்தது. பழைய தையல் மிஷின் விற்பனைக்கு என்று போட்டாலும், அதை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு விரல் வைத்துப் படிக்க ஒருத்தி எந்த பஸ்ஸிலாவது இருப்பாள், இனிமேல் அவளைப் பார்த்தே போடலாம். தணிகாசலம் நாளைக் காலையில் என்ன சொல்வார் என்று தெரியாது. பழைய இடம் என்பார், சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. அந்த நாற்காலியின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார், அது மட்டும் நிச்சயம். காட்டூர் வந்துகொண்டிருந்தது. பவுலின் இறங்க வேண்டிய இடம். நோட்டுக்குக் கை நீட்டினாள்.

“இரு, வாசகர் சொன்னது இதுல எங்க இருக்கு? எல்லாம் நீ சொன்னதுதான இருக்கு,” என்றாள் தனபாக்கியம். அந்த நோட்டில் வாசகர் எழுத இடமே கிடையாது, எந்த வாசகரும் அதன் கிட்டே இருந்ததில்லை. அவள் பவுலினின் பேனாவை வாங்கி, ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில், பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். பவுலின் இறங்கி, பஸ் போன பிறகு, நிறுத்தத்திலேயே நின்று படித்தாள்.

‘பெரியவர் கிடைத்துவிட்டார். பேப்பர் படிக்கவும் உட்காரவும் நன்றாக இருந்தது. நாளைக்கும் இந்தப் பிள்ளையே ஏதாவது கேட்கட்டும். தனபாக்கியம்.’